அமெரிக்கா போகாத மிஸ்ஸி

இது 1980 ஜனவரி. போன கிழமை ரேடியோவில் செய்தி. பக்கத்து நாட்டுக்குள் படை அனுப்பியதால், அமெரிக்கா இனி ரஷ்யாவுக்குத் தானியம் விற்காதாம். "அவையின்ரை சண்டையிலை எங்களுக்கு என்ன?" என்றேன். என் மனைவி மகேஸ்வரி குசினிக்குள் சமையலை விட்டு வந்து, ரேடியோவை நிறுத்திவிட்டுப் போனாள்.

கேட்டிருக்கக் கூடாத கேள்வி. அதுவும் நான்...

அறுபதுகளின் தொடக்கம். திருகோணமலையில் ஒரு வெளிநாட்டு எண்ணெய்க் கம்பனியின் டிப்போவில் நான் தற்காலிகக் கிளார்க். ரஷ்யா எங்கள் நாட்டுக்கு மலிவாக எண்ணெய் தந்தது. அமெரிக்க, ஆங்கிலேயக் கம்பனிகளுக்கு அது பிடிக்கவில்லை. அரசாங்கம் அவர்களுடைய டிப்போக்களை எடுத்துக்கொண்டது. அன்று எல்லோருக்கும் கற்கண்டு கொடுத்தவன் நான்தான். பிறகு வேலையும் நிரந்தரமானது.

மகேஸ்வரி அப்போது ஆஸ்பத்திரியில் நர்ஸ்; நோயாளிகளுக்கு 'மிஸ்ஸி'. இளம்பிள்ளை வாதம் வந்த பிள்ளைகளை நடக்கவைக்கும் பயிற்சிக்காக, அமெரிக்க உதவியில், ஒரு வருடம் அங்கே போகத் தெரிவாகியிருந்தாள். பாஸ்போர்ட் வந்துவிட்டது. குளிருக்குக் கோட்டும் தைத்தாயிற்று.

கம்பனிகளுக்கு நட்டஈடு தரவில்லை என்று அமெரிக்கா உதவியை நிறுத்தியது. அவளுக்கு இரண்டு வரிக் கடிதம் — பயணம் ரத்து.

பெரிய நாடுகள் பிணங்கினால் சாமான் விலைதான் ஏறும் என்று நினைக்கிறோம். அவ்வளவுதானா?

நான் ஆறுதல் சொல்லப் போனேன். "நாடு நிமிர்ந்து நிக்கேக்கை இப்பிடி ஒண்டு ரெண்டு..."

"நீங்கள் சந்தோஷப்பட்டது பிழை எண்டு நான் சொல்லேல்லை," என்றாள். "எனக்கு முன்னாலை அதைக் கதைக்க வேண்டாம்."

அடுத்த நாள் வார்டில், மூதூரிலிருந்து வந்த ஒரு தாய், நடக்க ஏலாத மகளை இடுப்பில் வைத்தபடி கேட்டாளாம்: "மிஸ்ஸி, நீங்க படிச்சிட்டு வந்தா இவ நடப்பா எண்டு டாக்டர் சொன்னாரே. எப்ப போறீங்க?"

"நான் போகேல்லை. இஞ்சை வைச்சே பாப்பம்."

டாக்டரிடம் ஒரு பழைய ஆங்கிலப் புத்தகத்தை வாங்கி, அகராதியோடு உட்கார்ந்து படித்தாள். சுடுதண்ணீரில் நனைத்துப் பிழிந்த கம்பளித் துணியால் ஒத்தடம், தினமும் கால்களுக்குப் பயிற்சி. இரண்டு வருடம். கடைசியில் அந்தப் பிள்ளை ஊன்றுகோலோடு வார்டைச் சுற்றி வந்தது. நடக்காமலே வீடு போன பிள்ளைகளும் அந்த வார்டில் இருந்தார்கள். சுற்றி வந்த அந்தப் பிள்ளை இன்று ஆசிரியை.

அவளுக்கு நியமனம் கிடைத்த செய்தி வந்தபோது நான் மகேஸ்வரியிடம் சொன்னேன்: "நீர் போகாததும் நல்லதுக்குத்தான். போயிருந்தா அந்தப் பிள்ளையை ஆர் பாத்திருப்பினம்?"



"படிச்சிட்டு வந்திருந்தா, இன்னும் ரெண்டு பேர் நடந்திருப்பினம்."

எந்த இரண்டு பேர் என்று நான் கேட்கவில்லை. அவளுக்குப் பெயர்கள் தெரியும்.