அடிப்பவன் பெயரும் ஒளிந்தவள் முகவரியும்

போன ஞாயிறு பலெர்மோவின் பல்லரோ சந்தையில் மரக்கறி வாங்கிக்கொண்டு, பக்கத்தில் இருக்கும் குலம் அண்ணையின் கடைக்குப் போனேன். ஊருக்கு டெலிபோன் எடுக்கிற கூண்டுகள், இன்டர்நெட் பார்க்கிற கம்ப்யூட்டர்கள், மிச்ச இடத்தில் அரிசியும் மிளகாய்த்தூளும் – அதுதான் கடை. குலம் என்பது அவருடைய உண்மையான பெயர் இல்லை. வாசித்தால் அவருக்குத் தெரியும், தன்னைத்தான் சொல்கிறேன் என்று.

கார்த்திக் ஒரு கம்ப்யூட்டரில் இருந்தான். தமிழ்நாட்டிலிருந்து ஆராய்ச்சி செய்ய வந்த பொடியன். அமெரிக்காவில் மனைவியை அடித்துத் தண்டனை வாங்கியவர்களின் பெயர், படம், முகவரி எல்லாவற்றையும் இன்டர்நெட்டில் போடவேண்டும் என்று சிலர் கேட்கிறார்களாம். யாரும் தேடிப் பார்க்கலாமாம். சத்தமாக வாசித்துக் காட்டினான்.

கடைக்கு உயிர் வந்தது. ஆளாளுக்குக் கதைத்தார்கள். குலம் அண்ணைதான் எல்லோரையும் விடப் பெரிய சத்தம்.

"உப்பிடி ஒண்டு இஞ்சையும் வேணும். நாலு பேர் காறித் துப்பினாத்தான் உவங்கள் திருந்துவாங்கள்."

எல்லாத் தலையும் ஆடியது. எனக்கு மட்டும் அங்கே நிற்கப் பொறுமையில்லை, வீட்டுக்குப் போய்ச் சொல்லவேண்டும். ஏன் தெரியுமா? என் வீட்டில் வசந்தி இருந்தாள். இதுவும் மாற்றிய பெயர்தான். புருஷன் அடித்து ஒரு கண் திறக்க முடியாமல் வீங்கி, சின்ன மகளைத் தூக்கிக்கொண்டு வந்து சில நாட்கள் ஆகியிருந்தன. நான் அவளுக்குச் சொந்தமும் இல்லை. ஒரே இத்தாலிக்காரச் சின்யோராவின் வீட்டில் மாறி மாறி வீட்டு வேலை செய்கிறவர்கள். அவ்வளவுதான்.

வீட்டுக்குப் போனதும் அவளிடம் இந்தக் கதையைச் சொன்னேன். சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். அவள் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டே கேட்டாள்.

"முதல் நான் போலீசிலை போய்ச் சொன்னாத்தானே அக்கா அவரின்ரை பேர் அதிலை வரும்? என்ரை பெர்மெசோ அவர் கூப்பிட்டு எடுத்ததெல்லோ."

பெர்மெசோ என்றால் இத்தாலியில் இருப்பதற்கான அனுமதி. அது போய்விட்டால் அவள் எங்கே போவாள்? அவள் விடவில்லை.

"சரி, பேர் வருதெண்டு வையுங்கோ. பள்ளிக்கூடத்திலை ரீச்சர் இவளை என்னெண்டு கூப்பிடுறவ? அந்தப் பேரைச் சொல்லித்தானே?"

உண்மைதானே... தகப்பனின் பெயர்தான் நம் பிள்ளைகளுக்குக் குடும்பப் பெயர். இத்தாலிக்காரருக்கு அந்தப் பெயர்தான் வாயில் வரும். அடித்தவன் பெயரை ஊருக்குக் காட்டினால் வகுப்பில் தலை குனிவது யார்? ஒன்றாம் வகுப்புப் பிள்ளை.

புதன்கிழமை பின்னேரம் வாசல் மணி அடித்தது. கீழே நிற்பவரோடு கதைக்கிற ரிசீவரைப் பிள்ளைதான் ஓடிப்போய் எடுத்தாள். பிறகு அதைக் கையால் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"பெரியம்மா... பப்பா கீழை நிக்கிறார்."

வசந்தியை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டு இறங்கினேன். அவள் புருஷன்தான். இஸ்திரி போட்ட சட்டை. கையில் கேக் பெட்டி. என்ன மரியாதை!

"அக்கா, வசந்தியை ஒருக்கா வரச்சொல்லுங்கோ. கதைச்சுப்போட்டுப் போறன்."

"இஞ்சை ஒருத்தரும் இல்லை."

"குலம் அண்ணை சொன்னவர்."

பிறகு அவன் மரியாதை எல்லாம் போய்விட்டது. கதவை உதைத்தான். முதல் மாடிக் கிழவி பால்கனியில் நின்று கராபினியேரிப் போலீசைக் கூப்பிடுவேன் என்று தெரு முழுக்கக் கேட்கக் கத்திய பிறகுதான் போனான்.

குலம் அண்ணைக்கு எப்படித் தெரியும்? வசந்தி அவருடைய கூண்டுக்குள் நின்று, அழுதழுது தாய்க்கு டெலிபோனில் சொல்லியிருக்கிறாள், இன்ன இடத்தில் இருக்கிறேன் என்று. அந்தக் கூண்டுக்குள் இருமினாலே வெளியில் கேட்கும்.

அடுத்த நாள் கடைக்குப் போய்க் கேட்டேன். அவர் முகத்தில் ஒரு வெட்கமும் இல்லை.

"புருசன்காரன் வந்து பிள்ளையைப் பாக்கவேணுமெண்டு அழுறான். தெரியாதெண்டு பொய் சொல்லச் சொல்லுறியோ, தங்கச்சி? குடும்பமெண்டால் நாங்கள்தானே சேர்த்துவைக்க வேணும்."

"அவன் அடிக்கிறவன் எண்டு உங்களுக்குத் தெரியுமோ?"

"ஓம், அது ஆருக்குத் தெரியாது?"

கேட்டீர்களா? அந்த இன்டர்நெட் பட்டியல் இவருக்குப் புதிதாக எதைச் சொல்லப்போகிறது? அடிக்கிறவன் யார் என்று பலெர்மோவில் அரிசி வாங்குகிற தமிழர் எல்லோருக்கும் தெரியும். அவனோடு சேர்ந்து தேத்தண்ணியும் குடிப்பார்கள். ஆனால் அவளுடைய முகவரியை ஒரே நாளில் அவன் கையில் கொடுத்துவிட்டார்கள். அதுவும் நல்லது செய்வதாக நினைத்து!

பட்டியல் போடுங்கள், வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. முன்பின் தெரியாத ஒருவனைக் கட்டப்போகிறவளுக்கு உதவலாம். ஆனால் அடி வாங்கினவளுக்கு அடித்தவன் யார் என்று இன்டர்நெட் சொல்லத் தேவையில்லை. அவன் கண்டுபிடிக்க முடியாத ஒரு கதவு வேண்டும். அந்தக் கதவைப் பற்றி வாய் திறக்காத மனிதர்கள் வேண்டும். அதை எந்தக் கம்ப்யூட்டரில் ஏற்றுவது?

இதை எழுதும்போதும் மணி அடித்தால் எழும்பி ஜன்னலுக்கு ஓடுகிறேன். வசந்தியும் பிள்ளையும் இப்போது இங்கே இல்லை. தமிழில் ஒரு சொல்கூடத் தெரியாத ஒரு அம்மா தன் வீட்டில் இடம் கொடுத்திருக்கிறார்.

எந்த ஊரில் என்று எழுதமாட்டேன். குலம் அண்ணையும் இந்தப் பத்தியை வாரம் தவறாமல் வாசிக்கிறவர்.