தலைக்கு ஒரு குடம்

என் நாத்தனார் தண்ணி லாரி ஓட்டுகிறாள். தெருவில் அவளுக்கு வைத்த பெயரே 'லாரி'தான். பிடிவாதம் அவளோடு கூடப் பிறந்தது. கூடப் பிறந்த இன்னொருவர் என் கணவர். பேருந்து நிலையத்தில் குண்டு வெடித்த அன்று அவர் வேலைக்குப் போக வரிசையில் நின்றுகொண்டிருந்தார்.

குண்டு வைத்தவர்கள் ஒன்றும் வானத்திலிருந்து குதித்துவிடவில்லை. முதலில் வீடு வீடாக நோட்டீஸ் கொடுத்தார்கள். நாங்கள் அதை மடித்து, ஆடுகிற மேசைக் காலுக்கு முட்டுக் கொடுத்தோம். பிறகு எந்தக் கடை எப்போது திறக்கலாம், யார் யாரோடு பேசலாம் என்றெல்லாம் சட்டம் போட்டார்கள். எதிர்த்துப் பேசிய வாத்தியாரைச் சுட்டார்கள். அப்போதும் நாங்கள் ஜன்னலைச் சாத்திக்கொண்டோமே தவிர வாயைத் திறக்கவில்லை. அரசாங்கமும் நன்றாகக் குறட்டை விட்டது. குண்டு வெடித்த பிறகுதான் முழித்துக்கொண்டது. முழித்ததும் கண்ணில் பட்டதையெல்லாம் அடித்தது.

ஆலைக்குப் பின்னால் இருக்கும் குடியிருப்பில் அவர்கள் ஒளிந்திருப்பதாகத் தகவல் வந்தது. ராணுவம் வந்து சுற்றிலும் முள்கம்பி போட்டு ஒரே ஒரு வாசல் விட்டது. ஒரு வீட்டில் துப்பாக்கி அகப்பட்டதற்காக அந்த வரிசை முழுவதையும் புல்டோசர் விட்டு இடித்தார்கள். அதில் தண்ணீர்க் குழாயும் உடைந்துபோனது. லாரி கொண்டுபோகச் சொன்னால் எல்லா டிரைவர்களுக்கும் ஒரே நாளில் வண்டி ரிப்பேர். நாத்தனார் மட்டும் "நான் போறேன்" என்றாள்.

நான் அவளை மறித்துக் கேட்டேன். "உங்க தம்பியைக் கொன்னவங்களுக்கா அண்ணி தண்ணி கொண்டு போறீங்க?"

"கொன்னவன் நாலு பேர் இருப்பான். அங்க குடத்தோட நிக்கறது ஒரு ஊரேடி."

அதற்குப் பிறகு நான் அவளோடு பேச்சை நிறுத்திவிட்டேன். ஒரே வீடு, என்ன செய்வது? சாப்பாடு ஆறுகிறது என்று சுவரைப் பார்த்துச் சொல்வேன். சுவருக்கு நன்றி சொல்லிவிட்டு அவள் சாப்பிடுவாள்.

வாசலில் நிற்கும் சிப்பாய்களுக்கு, தண்ணீருக்குள் எதையாவது கடத்துகிறாளோ என்று சந்தேகம். உள்ளே இருப்பவர்களுக்கு, அரசாங்கம் விஷம் கலந்து அனுப்புகிறதோ என்று பயம். அவள் வாசலில் ஒரு டம்ளர், உள்ளே ஒரு டம்ளர் என்று எல்லோரும் பார்க்கக் குடித்துக் காட்டிவிட்டுத்தான் குழாயைத் திறப்பாள்.

ஒருநாள் அங்கே பொறுப்பில் இருந்த அதிகாரி அவளைத் தனியாகக் கூப்பிட்டார். வயது குறைவு, மரியாதையாகப் பேசுகிறவர். "அம்மா, எந்த வீட்ல ஆளுக்கு மீறித் தண்ணி பிடிக்கறாங்கன்னு உங்களுக்குத் தெரியாம இருக்காது. சொன்னா போதும். மத்ததை நாங்க பாத்துக்கறோம்."

அந்த 'மத்தது' எப்படியிருக்கும் என்று அவள் இடிந்த வரிசையில் பார்த்திருந்தாள். யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டாள். வந்ததும் என் எதிரில் உட்கார்ந்தாள்.

"தையல்காரர் வீட்ல வயசான புருஷன் பொண்டாட்டி ரெண்டே பேரு. இப்பல்லாம் அந்தம்மா ஆறு குடம் பிடிக்குது. பாதியைக் கொண்டுபோய் வாசல் சாக்கடையில ஊத்துது."

"கொழுப்பு," என்றேன் சுவரிடம்.

"கொழுப்பு இல்லடி. ஒரு குடத்துக்கு முடியைப் பிடிச்சு அடிச்சுக்கற இடம் அது. அங்க எல்லார் கண்ணுலயும் படற மாதிரி ஒருத்தி தண்ணியைக் கொட்டறான்னா, ஏன்னு யாராவது கேளுங்கடின்னு கத்தறான்னு அர்த்தம். உள்ள எவனோ துப்பாக்கியோட உக்காந்திருக்கான். வாயைத் திறந்தா அவன் சுடுவான். ராணுவத்துக்குத் தெரிஞ்சா வரிசையே தரைமட்டம். பாவம், அது என்னதான் பண்ணும்?"

சுவரை மறந்து அவளைப் பார்த்தே கத்தினேன். "இப்பவே போய்ச் சொல்லுங்க. வீட்டோட சேர்த்துக் கொளுத்தட்டும்!"

"அந்தக் கிழவனும் கிழவியும்?"

"அவங்க எனக்கு யாரு?"

அவள் கோபப்படவில்லை. "அன்னிக்கு பஸ் ஸ்டாண்டுல தம்பியும் அவனுங்களுக்கு யாரோதானே," என்றாள்.

மறுநாள் காலையில் அதிகாரியிடம் போய்க் கறாராகப் பேசினாள். "ஆள் இருக்கற வீட்டைக் காட்டறேன். ஆனா அந்த வீட்டுக்காரங்க வெளிய வந்தப்புறம்தான் நீங்க உள்ள போகணும். ஒரு செங்கல்கூட விழக்கூடாது." அவர் தன் பொறுப்பு என்றார்.

அன்று லாரி உள்ளே போகவில்லை. வாசலிலேயே நிறுத்திவிட்டு அறிவித்தாள்: தலைக்கு ஒரு குடம், வீட்டு ஆட்கள் எல்லோரும் சேர்ந்து வந்தால்தான் தண்ணீர். நல்லா இருப்பியா நீ என்று அவள் முகத்துக்கு நேராகவே சபித்தார்கள். தையல்காரர் மனைவி தனியாக வந்தாள்; புருஷனை அவன் வெளியே விட்டிருக்க மாட்டான். "வீட்டுக்காரரைக் கூட்டிட்டு வா" என்று வெறும் குடத்தோடு அனுப்பிவிட்டாள் நாத்தனார். வீட்டுக்கு வந்து அவளும் சாப்பிடவில்லை.

தாகம் துப்பாக்கிக்காரனுக்கும் உண்டு. அடுத்த நாள் உச்சி வெயிலில் புருஷனும் பொண்டாட்டியும் ஆளுக்கொரு குடத்தோடு வந்து நின்றார்கள். இரண்டு பேரையும் வண்டிக்குள் ஏற்றிக் கதவைச் சாத்திவிட்டு, அவள் அதிகாரியைப் பார்த்து வீட்டைச் சொன்னாள்.

அவனை உயிரோடு பிடித்தார்கள். பேருந்து நிலையத்துக்குக் குண்டுப் பையைத் தூக்கிக்கொண்டு வந்தவன் அவன்தான். கேட்டதும் எனக்கு அழுகை வந்தது. அவன் சாகவில்லையே என்று ஆத்திரமும் வந்தது.

ஆனால் மறுநாள் காலையிலேயே புல்டோசர் வந்துவிட்டது. மேலிடத்து உத்தரவாம். வாக்குக் கொடுத்த அதிகாரி முகத்தைத் திருப்பிக்கொண்டார். நாத்தனார் லாரியை வாசலுக்குக் குறுக்கே நிறுத்திச் சாவியை உருவிக்கொண்டாள். செய்தி கேட்டு நான் ஓடினேன். எப்படியாவது அவளை வீட்டுக்கு இழுத்துவரத்தான் ஓடினேன். அவளையும் பிடித்துக்கொண்டு போய்விட்டால் எனக்கென்று வேறு யார் இருக்கிறார்கள்?

அதிகாரி என்னைப் பார்த்ததும் நிம்மதியோடு வந்தார். "அம்மா, உங்க வீட்டுக்காரரைக் கொன்னவன் ஒளிஞ்சிருந்த வரிசை இது. நீங்களாவது இவங்களுக்கு எடுத்துச் சொல்லுங்க."

நான் கம்பிக்கு அந்தப் பக்கம் பார்த்தேன். தையல்காரர் மனைவி தையல் மிஷினைத் தனியாளாகத் தெருவுக்கு இழுத்துக்கொண்டிருந்தாள். பக்கத்து வீட்டில் ஒருத்தி கைக்குழந்தையை ஒரு தோளிலும் துணிமூட்டையை மறு தோளிலும் போட்டுக்கொண்டு, எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் நின்றாள். என் கோபம் ஆறிவிட்டது என்று சொன்னால் அது பொய். இன்றைக்கும் ஆறவில்லை.

"இதை யாருக்காக இடிக்கறீங்க?" என்று கேட்டேன்.

"செத்தவங்களுக்காகத்தாம்மா."

"செத்தவர் என் புருஷன். இருந்தவரைக்கும் அவர் அடுத்தவன் வீட்டுக் கதவை ஓங்கித் தட்டினதுகூடக் கிடையாது. அவரைச் சாக்கு வெச்சு ஒரு செங்கல்லைத் தொட்டீங்க, நான் மனுஷியா இருக்க மாட்டேன்."

லாரியில் ஏறி அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். நாத்தனார் நகர்ந்து இடம் விட்டாள். அவள் கையிலிருந்த சாவியை வாங்கி என் இடுப்பில் செருகிக்கொண்டேன். வெயில் ஏறியது. மூன்று முறை வந்து மிரட்டினார்கள், ஒரு முறை கெஞ்சினார்கள். சாயங்காலம் புல்டோசரைத் திருப்பச் சொல்லிவிட்டு அதிகாரி வண்டிக் கதவருகே வந்து நின்றார்.

"காலைல மறுபடி வருவோம்மா," என்றார்.

நாத்தனார் வாயைத் திறப்பதற்குள் நான் சொன்னேன்: "நாங்களும் வருவோம்."