எலையை இலையாக்கிய நோட்டு

புதுக்கோட்டை நூலகத்துக் கண்ணாடி அலமாரியில் காக்கி அட்டை போட்ட நோட்டு ஒன்று இருக்கிறது. மேலே உங்கள் பெரிய மாமாவின் பெயர், முத்து முத்தான கையெழுத்தில். அம்மாவோடு கூடப் பிறந்தவர் ஏன் நம் வீட்டுக்கு வருவதே இல்லை என்று கேட்பீர்களே பிள்ளைகளே, அந்த நோட்டுதான் காரணம். அதில் இருப்பது அவர் எழுத்தே இல்லை.

சமஸ்தானம் போய்ச் சில வருடங்கள் ஆகியிருந்தன. நான் அச்சகத்தில் எழுத்துக் கோத்து, பிழையும் திருத்திக்கொண்டிருந்தேன். மாமா திருவரங்குளத்தில் சாதிப் பெயரை விட்டுவிட்டு, எல்லாச் சாதியாரோடும் உட்கார்ந்து சாப்பிட்டு, அதையே பாட்டாகவும் எழுதிக்கொண்டிருந்தார். சொந்தக்காரர்கள் பந்தியில் அவரைச் சேர்ப்பதில்லை. பேசுகிற மாதிரியேதான் எழுதுவார். படிக்காதவன் காதில் விழுந்தால் அவனுக்கு விளங்க வேண்டும் என்பார். வீட்டில் இருந்தால் அவருடைய அப்பாவே கொளுத்திவிடுவார் என்று ஐந்து நோட்டுகளை என்னிடம் கொடுத்தார். கொடுக்கும்போது ஒன்றுதான் சொன்னார்: "ஒரு எழுத்து மாத்தக் கூடாது மாப்ளே."

என் வீட்டில் கரையான். பள்ளிக்கூடத்துத் தமிழய்யா, நூலகத்தில் வைத்தால் காலத்துக்கும் இருக்கும் என்றார். நம்பினேன். மாமாவிடம் ஒரு வார்த்தை கேட்காமல் தமிழய்யா கையில் கொடுத்துவிட்டேன்.

நான்கு மாதம் கழித்து நூலகத்துக்குப் போய்ப் பார்த்தேன். ஐந்து நோட்டுக்குப் பதில், தமிழய்யா கையெழுத்தில் இந்த ஒரே நோட்டு. "ஒனக்கும் எனக்கும் ஒரே எலை, உக்காரு" என்று இருந்த இடத்தில் "உனக்கும் எனக்கும் ஓரிலையே, அமர்க" என்று இருந்தது. பழைய நோட்டுகள் எங்கே என்று தமிழய்யாவிடம் ஓடினேன்.

"நகல்தான் இருக்கே, பழச பேப்பர்காரன்ட்ட போட்டாச்சு. அம்புட்டும் பிழை தம்பி. ஒங்க மச்சான் மானத்தக் காப்பாத்திருக்கேன்" என்றார் சிரித்துக்கொண்டே.

இதையும் சொல்லிவிடுகிறேன். பிழை திருத்தியே பழகிய என் கண்ணுக்கு, முதல் பக்கம் பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

மாமா ஒருநாள் அதை நூலகத்தில் நின்றபடியே படித்துவிட்டு, நேரே அச்சகத்துக்கு வந்தார். தமிழய்யாவைத் திட்டவில்லை.

"அவரு வாத்தியாரு, திருத்தத்தான் செய்வாரு. ஒங்கிட்டதானே மாப்ளே குடுத்தேன்."

அதற்குப் பிறகு அவர் என்னோடு பேசவே இல்லை.

தமிழ்த்தொண்டு செய்தவர் என்று தமிழய்யாவை ஊர் இன்றும் புகழ்கிறது. எனக்கு மனம் ஆறவில்லை. அந்த நோட்டைப் படித்துவிட்டு, மாமா எழுதியது என்று யாரிடமும் சொல்லாதீர்கள். எனக்கு ஞாபகம் இருப்பது இவ்வளவுதான்:

ஒனக்கும் எனக்கும் ஒரே எலை,
உக்காரு.
சட்டியில .......... ஆறுது,
ஒஞ்சாதியக் கேக்காம.

மூன்றாவது வரியில் சோறு என்றாரா, களி என்றாரா என்று எனக்கு நிச்சயமில்லை. எதைப் போட்டாலும் பொருந்தும். நான் போடவில்லை.