கமலினியின் மூன்று நாட்கள்

சென்ற வியாழக்கிழமை எங்கள் ஆசிரியர் அலுவலகத்துக்குத் தாமதமாக வந்தார். ஸ்ரீரங்கத்திலிருந்து பஸ்ஸில் வருகிறவர், நேரம் தவறாதவர். குடையை மூலையில் வைக்கக்கூட இல்லை. நேரே என் மேஜைக்கு வந்து, "சரோஜா, செங்கமலம் மாமி விடியக்காலம் போயிட்டாங்க. வாசல்ல ஜனம் நிக்குது. பாத்துட்டுத்தான் வரேன்" என்றார். என் கையில் வேறு யாருடைய கதையின் புரூபோ இருந்தது. அந்த வரியில் இருந்த பிழையைத் திருத்தினேன். பிறகுதான் அழுதேன்.

செங்கமலம் மாமி என்றால் வாசகர்களுக்குத் தெரியாது. 'கமலினி' என்றால் தெரியும். கமலினி ஒரு கல்லூரி மாணவி என்று நம்பியவர்கள் உண்டு. இல்லை, மீசை வைத்த ஆண்பிள்ளைதான் பெண் பெயரில் எழுதுகிறான் என்று பந்தயம் கட்டியவர்களும் உண்டு. நிஜக் கமலினி ஸ்ரீரங்கம் கீழச் சித்திரை வீதியில், மாமியார், மாமனார், கணவர், நாலு பிள்ளைகள், பெருமாள் சேவிக்க வரும் விருந்தாளிகள் எல்லாருக்கும் தளிகை பண்ணிப் போட்ட, ஒன்பது கஜப் புடவை கட்டிய ஒரு மாமி. கண்ணாடியின் ஒரு காம்பு உடைந்து அதில் நூல் கட்டியிருக்கும்.

அவரைப் பற்றிச் சிறிதாக ஒரு பத்தி எழுதிக் கொடுக்கும்படி ஆசிரியர் சொன்னார். பத்தியில் அடங்குகிறவரா அவர்? அவர் எப்படி எழுதினார் என்பதைச் சொல்ல வேண்டுமானால், அச்சில் யாரும் சொல்லாத ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஆசிரியர் வெட்டினால் வெட்டிக்கொள்ளட்டும்.

பத்து வருடம் இருக்கும். நான் எஸ்.எஸ்.எல்.சி. முடித்து இந்த வார இதழில் புரூப் பார்க்கச் சேர்ந்த புதிது. அப்பா பொன்மலை ரயில்வே ஒர்க்ஷாப்பில் பிட்டர். கமலினியின் முதல் தொடர்கதை வெளிவந்துகொண்டிருந்தது. ஒரு வாரம் அத்தியாயம் வரவில்லை. அச்சுக்கூடத்தில் எல்லாரும் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். பெண்பிள்ளை போனால்தான் பேச முடியும் என்று ஆசிரியர் என்னை அனுப்பினார்.

வாசலில் வயதான அம்மாள் ஒருவர் நின்றார். மாமியார் அவர்தான் என்று தெரிந்தது. நான் யார், எதற்கு வந்தேன் என்று கேட்டுக்கொண்டு, "அவ இன்னிக்குக் காலம்பறதான் தூரமானா. கொல்லைச் சந்தால போ. இனிமேத்தான் எழுதுவா" என்றார். 'இனிமேல்தான்' என்று அவர் சொன்னது எனக்கு அப்போது விளங்கவில்லை.

கொல்லையில் கிணற்றடியைத் தாண்டி ஓர் ஓட்டு அறை. மாதவிலக்கான பெண்கள் மூன்று நாள் இருக்க வேண்டிய அறை. உள்ளே பாயில் குப்புறப் படுத்துக்கொண்டு, பென்சிலால் மாமி எழுதிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து உட்கார்ந்தார். "பத்திரிகை ஆபீஸா? கோச்சுக்கச் சொல்லாதேடி. இந்தத் தடவை நாலு நாள் தள்ளிப் போயிடுத்து. அதான் அத்தியாயமும் தள்ளிப் போயிடுத்து" என்றார்.

அவ்வளவுதான் ரகசியம். மற்ற நாட்களில் மாமி விடியுமுன் குளித்து அடுப்படியில் நுழைந்தால், இராத்திரி பாத்திரம் கவிழ்த்த பிறகுதான் வெளியே வருவார். மாதத்தில் அந்த மூன்று நாள் மட்டும் அவரை யாரும் கூப்பிட முடியாது. அவரும் எதையும் தொட முடியாது. மற்றவர்களுக்கு அது விலக்கு. மாமிக்கு அது ஆபீஸ். அப்படித்தான் அவர் சொல்வார். "உங்க மாமாவுக்கு மாசம் பூரா ஆபீஸ். நேக்கு மூணு நாள்." ஒரு மாதத்துக்கு வேண்டிய அத்தியாயங்களை அந்த மூன்று நாளில் எழுதித் தீர்ப்பார். மாதம் முழுக்கக் கதை அடுப்படியிலேயே மனத்துக்குள் வெந்துகொண்டிருக்கும். புளியைக் கரைக்கும்போது கதாநாயகன் கோபித்துக்கொள்வான், அப்பளம் பொரிக்கும்போது சமாதானமாவான்.

அதிலும் ஒரு சங்கடம். அந்த நாட்களில் புத்தகத்தைத் தொடக்கூடாது, எழுத்து சரஸ்வதி. அப்படியானால் எழுதலாமா? மாமியார் தீர்ப்புச் சொல்லியிருந்தார்: "வெள்ளைக் காகிதம் வெறும் காகிதம்தானே. அதைத் தொட்டா என்ன?" எழுதிய பிறகு அது சரஸ்வதி ஆகிவிடாதா என்று நான் கேட்டேன். "அதுக்குள்ள நீ எடுத்துண்டு போயிடு" என்றார் மாமியார். அப்படித்தான் அந்த வேலை எனக்கு வந்தது. அந்த வீட்டுப் பெண்கள் அந்தத் தாள்களைத் தொட்டால் தலைக்குக் குளிக்க வேண்டும். பொன்மலைப் பெண்ணான எனக்கு அந்தத் தொல்லை கிடையாது.

அச்சான இதழையும் மாமி தொடக்கூடாது என்பதால், முன் அத்தியாயத்தை நான் அறை வாசலில் உட்கார்ந்து வாசித்துக் காட்டுவேன். "போறும், போறும், ஞாபகம் வந்துடுத்து" என்று பாதியிலேயே பென்சிலை எடுத்துவிடுவார். அதனால் ஒருமுறை வசமாக மாட்டிக்கொண்டோம். கதையின் தொடக்கத்திலேயே செத்துப்போன கதாநாயகியின் அப்பா, நடுவில் ஒரு நாள் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து காபி கேட்டார். நானும் கவனிக்கவில்லை, அச்சாகிவிட்டது. வாசகர்கள் விடுவார்களா? ஆசிரியர் குதித்தார். மாமியிடம் போய்ச் சொன்னதும், கண்ணாடியைக் கழற்றிவிட்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தார். "பாவம்டி, அவருக்கும் ஒரு வாய் காபி குடிக்கணும்னு இருந்திருக்கும்."

"ஏன் மாமி காதல் கதையாவே எழுதறீங்க?" என்று ஒரு நாள் கேட்டேன். கேலியாகத்தான் கேட்டேன். அவர் கேலியாக எடுத்துக்கொள்ளவில்லை. கொஞ்ச நேரம் பென்சிலைச் சீவிக்கொண்டிருந்தார்.

"எங்காத்துல எல்லாரும் நல்லவா, சரோஜா. ஒரு குறை சொல்லப்படாது. அவர் என்னை ஒரு வார்த்தை கடிஞ்சு பேசினதில்லை. ஆனா பேசினதும் இல்லை. 'சாதம் ஆச்சா', 'குடை எங்கே', இப்படியே இருபத்தஞ்சு வருஷம். ரெண்டு பேர் உக்காந்து மனசுல இருக்கறதைப் பேசிண்டா எப்படி இருக்கும்னு நேக்குத் தெரியாது. தெரியாததைத் தெரிஞ்சுக்கத்தான் எழுதறேன்."

கணவர் வரதன் மாமா பொன்மலையில் ரயில்வே குமாஸ்தா. மனைவி எழுதுவதைத் தடுத்ததில்லை, படித்ததுமில்லை. "அவ என்னமோ எழுதறா" என்பார், அவ்வளவுதான். அதே பொன்மலையில் எங்கள் குவார்ட்டர்ஸ் வரிசையில் ஒரே ஓர் இதழ் வாங்கி, வீடு வீடாகப் போய், தாள் கிழிந்து நார் நாராக வரும்வரை பெண்கள் கமலினியைப் படிப்பார்கள். ஷிப்டுக்குச் சைக்கிளில் கிளம்பும் ஆண்கள், இந்தக் கமலினியால் வீட்டில் குழம்பு தீய்கிறது என்று திட்டுவார்கள்.

கடைசித் தொடர், வையம்பட்டிப் பள்ளிக்கூடத்தில் வாத்தியாராக இருக்கும் வசுமதியின் கதை. அவள் மனத்தில் இருக்கும் ரகுநாதன் அவளிடம் ஒன்றும் சொல்லாமல் ரயிலேறிப் போய்விடுகிறான். அந்த இடத்தில் வந்து கதை நின்றது. மாமிக்கு அந்த மூன்று நாட்கள் நின்றுவிட்டன.

மற்ற பெண்கள் நிம்மதிப் பெருமூச்சு விடும் வயது அது. மாமி அடுப்படி ஜன்னல் வழியாக என்னைப் பார்த்து, "ஆபீஸை மூடிட்டா, சரோஜா" என்றார். சிரிக்கத்தான் பார்த்தார், முடியவில்லை. மத்தியானம் எல்லாரும் தூங்கும்போது எழுதிப் பார்த்தார். பென்சிலை எடுத்ததும் யாராவது குடிக்கத் தீர்த்தம் கேட்பார்கள். மாமியார் படுத்த படுக்கையாகிக் காலமானார். பெண்கள் பிரசவத்துக்கு வந்தார்கள். பேரக் குழந்தைகள் காலைக் கட்டிக்கொண்டார்கள். எழுத ஓர் இடம் கொடுங்கள் என்று அவரால் கேட்க முடியவில்லை. நான் யார் கேட்க? கொல்லைச் சந்தால் வந்து போகிறவள். 'ஆசிரியைக்கு உடல்நலமில்லை' என்று ஒரு வரி போட்டு, வேறொரு கதையைத் தொடங்கினோம். தண்ணீர்க் குழாயடியில் பெண்கள் என்னைப் பிடித்துக்கொண்டு, "அவன் திரும்பி வந்தானா, வரலையா? அதையாவது சொல்லுடி" என்பார்கள். நான் என்னத்தைச் சொல்ல?

இரண்டு வருடத்துக்குப் பிறகு, போன ஆடியில், மாமியிடமிருந்து ஆள் வந்தது. வெள்ளைக் காகிதம் எடுத்துக்கொண்டு உடனே வரச் சொன்னார். ஓடினேன். கொல்லை அறையில், அதே பாயில், அதே மாதிரி குப்புறப் படுத்திருந்தார். முகமெல்லாம் சிரிப்பு. "பெருமாள் ஆபீஸைத் திறந்துட்டார்டி! திரும்ப வந்துடுத்து!"

நானும்தான் சந்தோஷப்பட்டேன். ரயிலேறிப் போன ரகுநாதன் மூன்றே நாளில் திண்டுக்கல்லில் இறங்கித் திரும்பினான். 'மீண்டும் கமலினி' என்று அட்டையில் போட்டோம். எங்கள் வரிசையில் அன்று பண்டிகை மாதிரி இருந்தது. ஆனால் மாமி நாலாம் நாளும் அறையை விட்டு வரவில்லை. ஐந்தாம் நாளும் எழுதினார். மறு மாதம் பாதி நாள் அங்கேயே இருந்தார். நான்கு பிள்ளை பெற்றவருக்கு, இந்த வயதில் இது திரும்ப வரக்கூடாதது என்று தெரியாமலா இருந்திருக்கும்? முகம் வெளுத்துப் போயிருந்தது. எழுந்தால் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"மாமி, இது நல்லால்லே. டாக்டர்கிட்ட போகலாம், வாங்க" என்றேன்.

"போனா படுக்க வெச்சுடுவா. இன்னும் ரெண்டு அத்தியாயம்தான். வசுமதியைப் பாதியில விட்டுட்டுப் போகச் சொல்றியா?"

அன்று சாயங்காலம் வரதன் மாமா வேலை முடிந்து வரும் வழியில் காத்து நின்றேன். ஓர் ஆண்பிள்ளையிடம் இதை என்ன வார்த்தையில் சொல்வது? தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னேன். அவரும் தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டார். மறுநாளே திருச்சியில் பெரிய டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனார். கர்ப்பப்பையில் புற்று, மிகவும் முற்றிவிட்டது என்று சொல்லிவிட்டார்கள்.

எழுதி வைத்திருந்ததை வாராவாரம் அச்சிட்டோம். கடைசித் தாளில், ரகுநாதன் வையம்பட்டிப் பள்ளிக்கூட வாசலில் வந்து நிற்கிறான். மனத்தில் இருந்ததையெல்லாம் முதல் முறையாகச் சொல்லி முடிக்கிறான். வசுமதி வாயைத் திறக்க வேண்டும். அங்கே தாள் முடிகிறது.

ஆஸ்பத்திரிக்குக் காகிதத்தோடு போனேன். மாமியால் பென்சிலைப் பிடிக்க முடியவில்லை. குனிந்து, "வசுமதி என்ன சொல்றா, மாமி? நீங்க சொல்லுங்க, நான் எழுதிக்கறேன்" என்றேன். மாமி கண்ணைத் திருப்பினார். கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலில், வெந்நீர்ப் பிளாஸ்க்கை மடியில் வைத்துக்கொண்டு வரதன் மாமா உட்கார்ந்திருந்தார். "அவர் இருக்காரே" என்று மாமி எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார். அந்த வெளுத்த முகத்தில் கல்யாணப் பெண்ணின் வெட்கம் வந்தது. கொல்லை அறையில் அத்தனை பேரைக் காதலிக்க வைத்தவருக்கு, கணவர் காதில் விழும்படி அதில் ஒரு வரியைச் சொல்ல வாய் வரவில்லை.

"மாமா, நீங்க போய் ஒரு காபி சாப்பிட்டு வாங்களேன். நான் பாத்துக்கறேன்" என்றேன்.

"வேண்டாம்மா. ஆயுசு பூரா ஆபீஸ் ஆபீஸ்னு ஓடியாச்சு. இனிமே இவளை விட்டு நகர்றதா இல்லை" என்றார்.

நகரவில்லைதான். நான் எப்போது போனாலும் அந்த ஸ்டூலில் இருந்தார். கால் பிடித்துவிட்டார், ஆரஞ்சு உரித்துக் கொடுத்தார். அப்படிப்பட்ட மனிதரை எழுந்து போங்கள் என்று எந்த வாயால் சொல்வது? ஒவ்வொரு முறையும் வெள்ளைக் காகிதத்தை அப்படியே திருப்பி எடுத்துக்கொண்டு வந்தேன். பிறகு மாமிக்குப் பேச்சு நின்றுவிட்டது. வீட்டுக்கு அழைத்துப் போய்விட்டார்கள்.

கடைசி அத்தியாயத்தை என்னையே எழுதச் சொன்னார் ஆசிரியர். முடியாது என்று சொல்லிவிட்டேன். வசுமதி என்ன சொல்வாள் என்று எனக்கு எப்படித் தெரியும்? அந்த அத்தியாயத்துக்கு ஒதுக்கிய பக்கங்களில்தான் இந்தக் கட்டுரை வருகிறது.

நேற்று துக்கம் கேட்கப் போனேன். முதல் தடவையாக முன்வாசல் வழியாக. வரதன் மாமா கூடத்தில் தரையில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் எங்கள் இதழ்கள் அடுக்கியிருந்தன. மகள் எங்கிருந்தோ தேடிக் கொடுத்தாளாம். ராத்திரி பகலாகப் படித்துக்கொண்டிருக்கிறார்.

"இவளுக்கு இவ்வளவு பேசத் தெரியுமா, சரோஜா?" என்று கேட்டார். பிறகு கடைசி இதழை எடுத்து என் முன் வைத்தார். "அந்தப் பொண்ணு என்ன பதில் சொன்னா? உங்கிட்ட சொல்லியிருப்பாளே."

"சொல்லலை, மாமா."

அவர் அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம். நான் பக்கத்துலயேதானே உக்காந்திருந்தேன்."

துக்க வீட்டில் சொல்லிக்கொண்டு கிளம்பும் வழக்கம் நம்மிடம் இல்லை. அந்த வழக்கம் நேற்று என்னைக் காப்பாற்றியது. ஒன்றும் பேசாமல் எழுந்து வந்துவிட்டேன். மாமா இதையும் படிப்பார். படிக்கட்டும். அவரிடம் நேரில் சொல்ல எனக்கும் வாய் வரவில்லை, மாமி. உங்களிடமும் சொல்லிக்கொள்ளாமல்தான் நிறுத்துகிறேன்.