எட்டு வாட்ஸ்

முப்பது வருடம் கோயில் திருவிழாக்களுக்கு லவுட்ஸ்பீக்கர் கட்டியவன் நான். செட் நல்லதா என்று பார்க்க எங்களிடம் ஒரே வழிதான்: பாட்டைப் போட்டுவிட்டு வாவிக்கரைக்கு நடக்க வேண்டும். அங்கே சொல் பிரிந்து கேட்டால் நல்ல செட். அக்கரையிலும் கேட்டது என்று மறுநாள் தோணிக்காரர் சொன்னால் அடுத்த திருவிழாவும் நமக்கே.

போன வருடம் மனைவிக்குப் பார்வை மங்கத் தொடங்கியது. இனித் திருப்ப முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். இனி அவளுக்குக் காதுதான் எல்லாம் என்ற பயத்தில், வெளிநாடு போகிற ஒருவரிடம் ஆளுயரப் பழைய ஸ்பீக்கர் இரண்டு வாங்கினேன். கொஞ்ச மின்சாரத்துக்கே கணீரென்று பேசும் இனம். அதற்கு அம்பிளிபயர் வேண்டுமே!

பெரியகல்லாற்றில் பழைய ரேடியோ திருத்துகிறவர் இரண்டைத் தூக்கித் தந்தார். ஒன்று நூறு வாட்ஸ் ட்ரான்சிஸ்டர். மற்றது எட்டே வாட்ஸ், பழைய கண்ணாடிக் குழாய் வால்வு போட்டது.

"எட்டு வாட்ஸா? காதுக்குள்ள இரையிற நுளம்புக்கா பாட்டுப் போடுற?" என்றேன்.

"மூர்த்தி சிறிசு, கீர்த்தி பெரிசு. கேட்டுப் பாத்து ஒண்டை வச்சிக்கங்க. மற்றதுக்குக் கொழும்பில ஆள் நிக்கி."

சோதிக்க ஒரு கசெட் எடுத்தேன். மனைவியின் அண்ணன், என் மச்சான், கூத்தில் ராசா வேசம் கட்டிப் பாடியது. என் மைக்கில்தான் பாடினான்; பதிவு செய்ததும் நான்தான். அவன் செத்து ஆறு வருடமாகிறது.

பெரியதைப் போட்டுவிட்டுக் கரைக்கு நடந்தேன். சொல் சொல்லாகக் கேட்டது. சின்னதைப் போட்டு நடந்தேன். எங்கள் ஒழுங்கைச் சந்து முடியுமுன்பே குரல் தேய்ந்துவிட்டது. முடிவு செய்தாயிற்று என்று திரும்பி வந்து வயரைக் கழற்றக் குனிந்தேன்.

"தொடாதீங்க" என்றாள் மனைவி. "எங்க போயிட்டு வாறீங்க?"

"வாவிக்கரைக்கு. இது அங்க எட்டாது கா."

"பாட்டு ஆருக்கு, மீனுக்கா? பெரிசில பின்னால மழை பெய்யிற மாதிரி ஒரே இரைச்சல். இதில அப்படி இல்ல. திருப்பிப் போட்டுட்டு இஞ்ச வந்து இருங்க."

இருந்தேன். வாழ்நாளெல்லாம் ஸ்பீக்கருக்குப் பின்னால் நின்றவன், முன்னால் உட்கார்ந்தது அன்றுதான் என்று நினைக்கிறேன். பாட்டு இன்னும் தொடங்கவில்லை. சலங்கை ஒருமுறை சிணுங்கியது. யாரோ எச்சில் விழுங்கினார்கள். பிறகு, நெஞ்சு நிறைய ஒரு மூச்சு உள்ளே போயிற்று.

இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவில், வெறும் சுவருக்கு முன்னால், மச்சான் நின்றான். சத்தியமாக நின்றான். இதே பாட்டை எத்தனை திருவிழாவில் ஊரெல்லாம் கேட்க அலறவிட்டிருப்பேன்! அவன் மூச்சு வாங்கியதை ஒருநாளும் நான் கேட்டதில்லை.

"அண்ணன் மூச்செடுக்காரு" என்றாள். அவள் கை அந்த வெற்றிடத்தை நோக்கி நீண்டிருந்தது.

பாட்டு முழுதும் ஓடி முடிந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தேன்.

"இன்னொருக்காப் போடுங்க" என்றாள். "பாட்டு வேணாம். அதுக்கு முன்னால உள்ளது."