அவன் சொன்னதும் நான் சொன்னதும்

என் தம்பி பேசுவது இரண்டே பேருக்குத்தான் புரிந்தது. ஒன்று அம்மா, இன்னொன்று நான். மூன்று வருஷத்துக்கு முன்னால் அம்மா இறந்துபோனாள். அதன் பிறகு நான் ஒருத்திதான்.

பிறவியிலேயே அவனுக்கு மூளை முடக்குவாதம். கைகால் இறுகிக் கிடக்கும். சொற்கள் வாய்க்குள்ளேயே உருண்டு, வெளியில் வரும்போது ஒரே இழுப்பாக இருக்கும். கையில் பேனா நிற்காது, போனில் எழுத்தைத் தொட விரல் நிலைக்காது. ஆனால் அறிவில் ஒரு குறையும் இல்லை. நான் திண்டிவனத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். பரீட்சைத் தாள்களை வீட்டுக்குக் கொண்டுவந்தால் சக்கர நாற்காலியை என் பக்கத்தில் போடச் சொல்லி, நான் கவனிக்காமல் விட்ட பிழைகளை அவன்தான் காட்டிக்கொடுப்பான். இது நடந்தபோது அவனுக்கு நாற்பத்தொரு வயது.

அம்மா பேரில் இருந்த வீட்டை எங்கள் இரண்டு பேர் பேருக்கும் மாற்ற வேண்டியிருந்தது. பத்திரம் எழுதுகிறவர் தம்பியை ஒரு தரம் பார்த்துவிட்டு, இவர் கையெழுத்தெல்லாம் செல்லாது, கார்டியன் சர்டிபிகேட் வாங்கிக்கொண்டு வாருங்கள் என்றார். இந்த மாதிரிப் பிள்ளைகளுக்கென்று தனிச் சட்டம் இருக்கிறது, மாவட்டத்தில் அதற்கு ஒரு குழுவும் இருக்கிறது என்று சொன்னார். ஒரு தடவை வாங்கிவிட்டால் பேங்க், ஆஸ்பத்திரி, எங்கே போனாலும் நானே கையெழுத்துப் போட்டுக்கொள்ளலாமாம். உண்மையைச் சொன்னால், அதைக் கேட்டு எனக்கு ஒரு பாரம் இறங்கியது போலத்தான் இருந்தது.

படிவத்தைச் சாப்பாட்டு மேஜையில் வைத்துப் பூர்த்தி செய்தேன். தன் காரியங்களைத் தானே பார்த்துக்கொள்ளவோ முடிவெடுக்கவோ இயலாதவரா என்று ஒரு கேள்வி இருந்தது. ஆம் என்று எழுதினேன். எதிரே இருந்த தம்பி அது என்ன என்று கேட்டான். பஸ் பாஸ் புதுப்பிக்க என்று சொன்னேன். பஸ் பாஸ் படிவம் இரண்டே பக்கம் என்பது அவனுக்குத் தெரியும். என் கையில் பதினோரு பக்கம் இருந்தது.

இரண்டு வாரம் கழித்து விசாரணைக்கு ஒருவர் வீட்டுக்கு வந்தார். மரியாதையான மனிதர். ஆனால் கேள்வி எல்லாவற்றையும் என்னிடமே கேட்டார். தம்பி கைக்கெட்டும் தூரத்தில் உட்கார்ந்திருந்தான். ஊட்டிவிட வேண்டுமா, ஆட்களை அடையாளம் தெரியுமா என்றெல்லாம் கேட்டுவிட்டு, நாள் கிழமை தெரியுமா என்றார். தெரியும் என்றால் ஃபைல் அங்கேயே நின்றுவிடுமோ என்று பயந்தேன்.

“சரியா தெரியாதுங்க” என்றேன்.

அவர் எழுதிக்கொண்டார். நான் தம்பி பக்கம் திரும்பவில்லை.

அன்றிலிருந்து அவன் பேசுவதை நிறுத்திவிட்டான். கொடுத்ததைச் சாப்பிட்டான், குளிக்க வைத்தால் குளித்தான். பரீட்சைத் தாளை முன்னால் வைத்தால் கண்ணை மூடிக்கொண்டான். வீட்டில் ஃபேன் சத்தம் மட்டும் கேட்டது. நான் அடுப்படிக்கும் வாசலுக்கும் நடக்கும்போதெல்லாம் அவன் கண் என் பின்னாலேயே வருவது தெரியும். திரும்பினால் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பான். இருபத்திரண்டு நாள் அப்படி. கோபம் தணிந்துவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் வீட்டுக்குள் ஏதோ ஒன்று வந்து உட்கார்ந்துகொண்டது போலவும், கதவைத் திறந்து விட்டது நானே என்பது போலவும் இருந்தது.

விழுப்புரத்துக்கு வரச் சொல்லிக் கடிதம் வந்தது. நாற்காலியோடு ஏற்ற ஒரு வேன் பிடித்தேன். விக்கிரவாண்டி டோல்கேட்டில் லாரிகளுக்கு நடுவே வெகுநேரம் நின்றோம். அங்கே வைத்துத்தான் அவனிடம் உண்மையைச் சொன்னேன். எல்லாம் உன் நல்லதுக்குத்தான், அங்கே கேட்டால் சரி என்று மட்டும் சொல்லு என்றேன். அவன் ஜன்னலுக்கு வெளியே நின்ற லாரியின் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

குழு கூடியிருந்த அறையில் மூன்று பேர் இருந்தார்கள். நடுவில் ஒரு அதிகாரி. ஒரு பக்கம் ஒரு தொண்டு நிறுவனத்துப் பெண். இன்னொரு பக்கம் கறுப்புக் கண்ணாடி போட்ட பெரியவர் ஒருவர். அவருக்குப் பார்வை இல்லை. குழுவில் மாற்றுத்திறனாளி ஒருவர் இருந்தே ஆக வேண்டும் என்பது சட்டம் என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

அதிகாரி தாள்களைப் புரட்டிவிட்டு, எல்லாம் சரியாக இருக்கிறது என்றார். அப்போது அந்தப் பெரியவர், அவரையே ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்று சொல்லி, தம்பி இருந்த திசைக்கு முகத்தைத் திருப்பினார்.

“தம்பி, உங்க அக்கா உங்களுக்குக் கார்டியனா இருக்கறதுல உங்களுக்குச் சம்மதமா?”

இருபத்திரண்டு நாளுக்குப் பிறகு தம்பி வாயைத் திறந்தான். கழுத்து நரம்பு புடைக்க, இழுத்து இழுத்து நீளமாகச் சொன்னான். எனக்கு ஒரு எழுத்து விடாமல் புரிந்தது. எனக்கு எல்லாம் தெரியும், அக்கா பொய் எழுதியிருக்கிறாள் என்றான்.

அறையில் வேறு யாருக்கும் புரியவில்லை. மூன்று பேரும் எனக்காகக் காத்திருந்தார்கள்.

“சரின்னு சொல்றான்” என்றேன்.

தம்பி கத்தவில்லை. என்னைப் பார்த்தான், அவ்வளவுதான். அதிகாரி பேனாவை எடுத்தார். பெரியவர் மட்டும் தலையைச் சாய்த்தபடி இருந்தார்.

“சரிங்கறது ரெண்டே எழுத்தும்மா. அவர் நெறைய சொன்னாரே” என்றார்.

அவர் என்னை விட்டுவிட்டு மறுபடி தம்பி பக்கம் திரும்பினார். நாற்காலிக் கையைத் தட்ட முடியுமா, ஆமாம் என்றால் ஒரு தட்டு, இல்லை என்றால் இரண்டு என்று சொல்லிக்கொடுத்தார். இன்று என்ன கிழமை என்று கேட்டு, ஒவ்வொரு கிழமையாகச் சொல்லிக்கொண்டு வந்தார். வியாழன் வந்ததும் ஒரு தட்டு விழுந்தது. அன்று வியாழன்தான். அக்கா சொன்னது நீங்கள் சொன்னதுதானா என்று கேட்டார். இரண்டு தட்டு. அது போதாதென்று மேலும் இரண்டு தட்டினான்.

நான் அழுதுவிட்டேன். அவன் சொன்னதை, சொன்னபடியே, அப்புறம் நானே சொன்னேன்.

யாரும் என்னைத் திட்டவில்லை. பெரியவர் நிதானமாக விளக்கினார். இவருக்குப் பதிலாக நீங்கள் முடிவெடுக்க மனுப் போட்டிருக்கிறீர்கள், முடிவை இவரே எடுக்க நீங்கள் துணையாக இருப்பதற்கும் சட்டத்தில் இடம் இருக்கிறது, இவருக்கு அது போதும் என்றார். மனு திரும்பி வந்தது. வீட்டுப் பத்திரம் பிற்பாடு பதிவானது. பதிவாளர் ஒவ்வொரு வரியாகப் படித்துக் காட்ட, தம்பி தட்டிச் சம்மதம் சொல்லி, இடது கைப் பெருவிரலை வைத்தான். பத்திரக்காரர் வெளியில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தம்பி மறுபடி பேச ஆரம்பித்தான். ஆனால் வெளி ஆட்கள் இருந்தால் என் மூலமாகப் பேசுவதில்லை. டாக்டரிடம் போனாலும், கேள்வியை ஒவ்வொன்றாகக் கேட்கச் சொல்லி அவனே தட்டிப் பதில் சொல்கிறான். நான் அறை மூலையில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோயில் பூசை முடிந்து வீட்டுக்கு வந்ததும் கேட்டான்.

“இத்தினி வருஷமா இன்னும் இன்னா இன்னா மாத்தி சொன்னேக்கா?”

ஒன்றைச் சொன்னேன். அவனுக்குப் பதினைந்து வயதில் பாண்டிச்சேரியிலிருந்து இரண்டு மடத்து சிஸ்டர்கள் வந்து, எங்கள் விடுதியில் தங்கிப் படிக்கிறாயா என்று கேட்டார்கள். அம்மா அப்போது வீட்டில் இல்லை. வருகிறேன் என்று அவன் சொன்னான். பயப்படுகிறான் என்று நான் சொன்னேன். அம்மா தனியாகிவிடுவாள் என்று அன்றைக்குத் தோன்றியது. அவன் முழுதும் கேட்டுக்கொண்டான். அப்புறம், வேறே என்றான்.

வேறே ஒன்று இருக்கிறது. ஆஸ்பத்திரியில் அம்மாவின் கடைசி நாள். என்னையும் கூட்டிக்கொண்டு போ என்று காலையில் அவன் கெஞ்சியிருந்தான். அன்று லிஃப்ட் ஓடவில்லை. மூன்று மாடி தூக்கிக்கொண்டு போக ஆள் இல்லை, எனக்கும் உடம்பில் தெம்பு இல்லை. தம்பி வருகிறேன் என்றானா என்று அம்மா கேட்டாள். வேண்டாம் என்று சொல்லிவிட்டான் என்றேன். அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அதற்குப் பிறகு அவள் பேசவில்லை.

“அவ்ளோதான்டா” என்றேன்.

அவன் நம்பவில்லை. ஒவ்வொரு ஞாயிறும் அதே நேரத்துக்கு நாற்காலியை மேஜைப் பக்கம் தள்ளச் சொல்லி, அதே கேள்வியைக் கேட்கிறான். குரலில் கோபம் இல்லை. எனக்கு அதுதான் பயமாக இருக்கிறது. நாளை மறுநாள் ஞாயிறு.