இரண்டாம் மாடியின் ஏழாம் எண்

மோட்டார் முனகுவதை வைத்தே, தேய்ந்தது எது, தளர்ந்தது எது என்று அந்த லிஃப்ட் மெக்கானிக் சொல்லிவிடுவார். வயது நாற்பத்தாறு, அவற்றில் இருபத்திரண்டு ஆண்டுகளை லிஃப்டுகளின் கூரைமேல் குந்தியிருந்தே கழித்தவர். அந்த வேலைக்குக் கண்டிப்பான முறை ஒன்று உண்டு. மேலே இயந்திர அறையில் இருப்பவர், "நகர்த்தவா?" என்று குரல் கொடுக்க வேண்டும். லிஃப்டின் கூரைமேல் நிற்பவர், "நகர்த்து" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். பதில் வராமல் பொத்தானில் விரலை வைக்கக் கூடாது.

அப்படிப்பட்டவருக்கு நான்கு மாதங்களாக வீட்டில் பேசுவது எதுவும் மனத்தில் இறங்கவில்லை.

அவருடைய ஒன்பது வயது மகள், பள்ளியிலிருந்து வந்ததும் இரண்டு கைகளையும் ஆட்டி ஆட்டிக் கதை சொல்லுவாள். முன்பெல்லாம் அவர் குறுக்கே புகுந்து கேள்வி கேட்டுக் கதையைக் கெடுப்பார். அவள் அவருடைய தோளில் குத்துவாள். இப்போது அவளுடைய வாய் அசைவது மட்டுமே தெரிந்தது. காலையில் சட்டைப் பொத்தான்களைப் போட்டு முடிப்பதற்குள் அவருக்கு அலுத்துப்போயிற்று. வேலை போகவில்லை, வீட்டில் சாவு விழவில்லை, உடம்பில் குறை ஒன்றும் இல்லை. காரணம் சொல்ல முடியாததுதான் அவரைப் பெரிதும் வெட்கப்படுத்தியது.

ஒரு நாள் அவர் கூடத்தில் உட்கார்ந்திருக்கையிலேயே மகள் அவரைத் தாண்டிச் சமையலறைக்குப் போனாள்.

"அப்பாகிட்ட சொல்லலையா?" என்றாள் மனைவி.

"அப்பாகிட்ட சொன்னா செவுத்துகிட்ட சொல்ற மாதிரி இருக்கும்மா."

அது மட்டும் தெளிவாகக் கேட்டது.

மறுநாளே மனைவி, மனநல மருத்துவரிடம் வியாழக்கிழமை நான்கு மணிக்கு நேரம் வாங்கிவிட்டாள்.

"எனக்கு என்ன பைத்தியமா?" என்று அவர் எகிறினார்.

"பைத்தியம்னு யாருங்க சொன்னா? பொண்ணு உங்ககூடப் பேசறத நிறுத்திட்டா. அதுக்கு வேற வைத்தியம் தெரிஞ்சா சொல்லுங்க, நான் வேணாம்னு ஃபோன் பண்ணிடறேன்."

போகத்தான் வேண்டும் என்று ஆயிற்று. ஆனால், தெரிந்தவர் யாரேனும் பார்த்துவிட்டால்? கம்பெனிச் சீருடையிலேயே, கருவிப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு போனார். பார்ப்பவர்கள், வேலையாக வந்திருக்கிறார் என்று நினைத்துக்கொள்ளட்டும்.

நினைத்துக்கொண்டார்கள். ஏழு என்று எழுதிய சீட்டை மருத்துவமனை வாசலில் வாங்கிக்கொண்டு அவர் இரண்டாம் மாடிக்கு ஏறிய உடனே நர்ஸம்மா ஓடி வந்தார்.

"அப்பாடா, வந்துட்டீங்களா! காலையிலேருந்து கதவு பாதிதான் திறக்குது. எல்லாரும் படியில ஏறி மூச்சு வாங்கறாங்க."

அது வேறொரு கம்பெனியின் லிஃப்ட் என்பது கதவின்மேல் இருந்த பெயர்த்தகட்டைப் பார்த்ததுமே அவருக்குத் தெரிந்தது. இருந்தும், சீட்டைப் பைக்குள் திணித்துவிட்டு மண்டியிட்டார். கதவின் உருளையில் நூல்கண்டு அளவுக்குத் தலைமுடியும் அழுக்கும் சுற்றியிருந்தன. அவர் அதைப் பிரித்துக்கொண்டிருக்கும்போது, "ஏழாம் நம்பர்!" என்று உள்ளிருந்து குரல் வந்தது. அவர் நிமிரவில்லை. இரண்டாம் முறையும் கூப்பிட்டார்கள். மூன்றாம் முறை நர்ஸம்மாவே வந்து, "ஏழாம் நம்பர்க்காரர் இந்தப் பக்கம் வந்தாரா?" என்று அவரிடம் கேட்டார்.

"நான் பாக்கலைங்க" என்றார் அவர்.

வீட்டில், "டாக்டர் என்ன சொன்னார்?" என்று மனைவி கேட்டதற்கு, "பெருசா ஒண்ணும் இல்லையாம்" என்று சொல்லி வைத்தார்.

குட்டு நான்கே நாள்களில் உடைந்தது. அந்த லிஃப்டுக்கு உரிய கம்பெனி, நர்ஸம்மா சொன்ன சீருடை அடையாளத்தை வைத்து இவருடைய மேலாளரைத் தொலைபேசியில் கூப்பிட்டு, தங்கள் லிஃப்டில் இவர்களுடைய ஆள் கை வைத்தது ஏன் என்று கேட்டுவிட்டது. செய்தி, பதினைந்து ஆண்டுகளாக இவருடன் சேர்ந்து வேலை பார்க்கும் ஒட்டடைக்குச்சிக்கு எட்டியது. உயரத்துக்கும் ஒல்லிக்கும் சேர்த்துக் கிடைத்த பட்டப்பெயர் அது.

"என்ன அண்ணே, எதிரி கம்பெனிக்கு ஓசியில ஊழியமா? அது என்ன உங்க மாமியார் வீட்டு லிஃப்டா?"

"சும்மா இருடா."

"ரெண்டாவது மாடியாமே? அங்க இருக்கறது அந்த டாக்டரம்மா..." என்று தொடங்கியவன், பாதியில் நிறுத்திக்கொண்டான்.

எழுந்து போய் இயந்திர அறையின் கதவைச் சாத்திவிட்டு வந்தான். இனி நடக்கப்போவது கேலிதான் என்று அவர் கருவிப்பைக்குள் குனிந்துகொண்டார்.

"அண்ணே, கொஞ்ச நாளாவே மேலேருந்து நான் ரெண்டு தடவ, மூணு தடவ கூப்பிட்டாத்தான் உங்ககிட்டேருந்து பதில் வருது. ஒவ்வொரு தடவயும் கீழ எட்டிப் பாத்துக்குவேன். என்னன்னு கேக்காம விட்டுட்டேன். என் மேலயும் தப்புதான்."

"வீட்டுலயும் அப்படித்தான்டா இருக்கு" என்றார் அவர்.

"மறுபடியும் போங்க. ஆனா யூனிஃபார்ம் போடாதீங்க. போட்டா உங்கள ஜெனரேட்டரையும் பாக்கச் சொல்லுவாங்க."

அடுத்த வியாழக்கிழமை அவர் சாதாரணச் சட்டையில் போனார்.

"லிஃப்ட் நல்லா ஓடுதுங்க" என்று நர்ஸம்மா மலர்ந்தார்.

"நான் லிஃப்டுக்கு வரலைங்க. போன வாரம் நீங்க தேடின ஏழாம் நம்பர் நான்தான்."

நர்ஸம்மா சிரிக்கவில்லை. "உட்காருங்க, சொல்லி அனுப்பறேன்" என்றார்; அவ்வளவுதான்.

மருத்துவர், என்ன செய்கிறது என்று கேட்டார். தூக்கம், பசி, உடம்பு வலி என்று சொல்லத்தான் அவர் ஒத்திகை பார்த்து வந்திருந்தார். வாயில் வந்ததோ வேறு.

"என் பொண்ணு பேசறது எனக்குக் கேக்கணும் டாக்டர். பக்கத்துலதான் இருக்கா. ஆனா எங்கயோ வெளியூர்ல இருக்கற பிள்ளைய நெனச்சு ஏங்கற மாதிரி ஏங்கறேன்."

மாத்திரை வேலை செய்யச் சில வாரங்கள் ஆகும் என்றும், வாரந்தோறும் வந்து பேச வேண்டும் என்றும் மருத்துவர் சொன்னார். வீடு திரும்பியதும், போன வாரம் சொன்னது பொய் என்பதை அவர் மனைவியிடம் ஒப்புக்கொண்டார். அவள் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டாள்.

பிறகு அவர், மேசையருகில் படம் வரைந்துகொண்டிருந்த மகளின் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"இன்னைக்கு ஸ்கூல்ல என்ன நடந்துச்சு?"

அவள் சந்தேகமாகப் பார்த்தாள். "பெரிய கதைப்பா. நடுவுல நீங்க எங்கயோ போயிடுவீங்க."

"போனா சொல்றேன். நீ அந்த எடத்துலேருந்து மறுபடியும் சொல்லு."

வகுப்பில் ஒருத்திக்குப் பல் ஆடிய கதை அது. அவள் தொடங்கினாள். அவர், விடாமல் பிடித்துவிட வேண்டும் என்று அவளுடைய உதடுகளையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்படியும் எங்கேயோ நழுவிவிட்டது.

"அப்புறம் அந்தப் பல்லு கெடச்சுதா?"

"அப்பா! பல்லு இன்னும் விழவே இல்ல!"

சமையலறையில் மனைவி சிரித்துவிட்டாள். அவருக்குச் சிரிப்பு வரவில்லை. அது வர வேண்டும் என்ற ஆசை மட்டும் நெஞ்சில் வலித்தது.

"சரி, விட்டுட்டேன். ஆடற எடத்துலேருந்து சொல்லு" என்றார்.

அவள் பெருமூச்சு விட்டுவிட்டு, பென்சிலைக் கீழே வைத்தாள். இரண்டு கைகளும் விடுபட்டன.